ஈரற் கட்டிக்கு உணவடைத்த வரலாறு

கல்லீரலில் தோன்றிய புற்றுக்கட்டியை அறுத்தகற்ற இயலாதபோது, அதற்குச் செல்லும் குருதியை அடைத்து, அவ்விடத்திலேயே மருந்தையும் செலுத்தும் முறையொன்று உண்டு. மருத்துவர் இதனைக் ‘கீமோஎம்போலைசேஷன்’ என்பர். பெயர் கேட்டு அஞ்சுவோரும், இதனால் பூரண குணம் உறுதியென்று நம்புவோரும் நம்மிடையே உளர். இரு சாராரும் இதன் வரலாற்றை அறிதல் நலம்.

கல்லீரலுக்கு இரு வழிகளில் குருதி வருகிறது. குடலிலிருந்து வரும் பெருஞ்சிரை ஏறத்தாழ முக்காற் பங்கையும், தமனி எஞ்சிய காற்பங்கையும் கொணர்கின்றன. புற்றுக்கட்டியோ பெரும்பாலும் தமனியை நம்பியே வளர்கிறது. எனவே தமனியின் கிளையை அடைத்தால் கட்டி பட்டினி கிடக்கும். ஈரலோ சிரையால் உயிர் வாழும்.

1953ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டுச் செல்டிங்கர், ஊசித் துளை வழியே மெல்லிய குழலைத் தமனிக்குள் செலுத்தும் எளிய முறையை வெளியிட்டார். 1974இல் பிரான்சின் தொயோன், ஈரற் கட்டியின் தமனியை அடைத்த செய்தியை அறிவித்தார். ஜப்பானிய மருத்துவர் யமடா, மருந்தில் தோய்த்த ஜெலட்டின் துணுக்குகளால் தமனியை அடைத்து, 120 நோயாளரிடம் கண்ட பயனை 1983இல் எழுதினார். பின்னர், கசகசா எண்ணெயில் அயோடின் சேர்த்த ‘லிப்பியோடால்’ மருந்தைக் கட்டிக்குள் சுமந்து செல்லும் வாகனமாயிற்று.

ஆயினும் 1995இல் பிரெஞ்சு மருத்துவர் வெளியிட்ட ஆய்வு ஒரு படிப்பினை தந்தது. கட்டியின் வளர்ச்சி தடைப்பட்டது. ஆயுள் நீண்டதென்று உறுதியாக நாட்ட முடியவில்லை. சிலருக்கு ஈரலே செயலிழந்தது. தக்க நோயாளரைத் தெரிந்தெடுத்து ஹாங்காங்கிலும் பார்சிலோனாவிலும் நடத்திய ஆய்வுகளே 2002இல் ஆயுள் நீட்சியை மெய்ப்பித்தன.

இவ்வரலாறு உணர்த்துவது யாது? கட்டி சுருங்குவது ஒன்று. மனிதர் வாழ்வது வேறொன்று. எஞ்சிய ஈரலின் வலிமையே இரண்டையும் இணைக்கும் பாலம். மஞ்சட்காமாலை முற்றியவர்க்கும், வயிற்றில் நீர் மிகக் கோத்தவர்க்கும், பெருஞ்சிரை அடைபட்டவர்க்கும் இம்முறை பெரும்பாலும் ஏலாது. ஏற்றவர்க்கும் சில நாட்கள் காய்ச்சல், வயிற்றுவலி, குமட்டல் வருதல் இயல்பு. காய்ச்சல் நீடித்தாலோ, கண் மஞ்சளித்தாலோ உடனே மருத்துவரை நாட வேண்டும். கட்டியைப் பற்றி வினவும் நாம், “எம் ஈரல் இதனைத் தாங்குமா?” என்பதையே முதலில் வினவுதல் வேண்டும்.