அவன் காட்டுல மழை

திட்டக்குடியிலிருந்து லப்பைக்குடிக்காட்டுக்கு வருகிறவர் வெள்ளாற்றுப் பாலத்தைத் தாண்ட வேண்டும். வருஷத்தில் பாதிக்கு மேல் ஆற்றில் மணல்தான் இருக்கும். அப்படி ஒரு கோடையில் இங்கே டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது இரண்டு பேர் பேசியது காதில் விழுந்தது. "அவனுக்கென்னப்பா, மவன் துபாயில இருக்கான். அவன் காட்டுல மழை" என்றார் ஒருவர். மற்றவர் வானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "நம்ம காட்டுல எப்பத்தான் பெய்யுமோ" என்றார். முதலாமவர் சொன்னது மரபுத்தொடர். இரண்டாமவர் சொன்னது பருத்தி போட்டிருந்த நிலத்தைப் பற்றிய கவலை. 'காடு' என்ற ஒரே சொல் இரண்டு பேரிடமும் இரண்டு வேலை பார்த்தது.

நான் படித்த கல்லூரியில் ஆங்கில ஆசிரியர் ஒருவர் மரபுத்தொடர்களைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யச் சொல்வார். ஆபத்து நீங்கியவனை 'காட்டை விட்டு வெளியே வந்தவன்' என்பதாம் ஆங்கிலம். எனக்குப் புரியவில்லை. எங்கள் வீட்டில் காலையில் எழுந்து காட்டுக்குப் போவார்கள், பொழுது சாய வருவார்கள். காட்டை விட்டு வெளியே வந்துவிட்டால் சோத்துக்கு என்ன பண்றது? கேட்டேன். "காட்டான் மாதிரி கேக்காதே" என்றார். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பின் வரலாற்றைத்தான் இப்போது எழுதுகிறேன்.

பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்தில் காடு என்றால் மரம் அடர்ந்த இடம் என்று பொருளில்லை. மானாவாரிப் புன்செய்தான் காடு. சோளக்காடு, பருத்திக்காடு, கடலைக்காடு. வெள்ளாற்றுத் தண்ணீரைத் தொழுதூரில் தடுத்து வெலிங்டன் ஏரிக்குத் திருப்பியிருக்கிறார்கள். 1923இல் முடிந்த ஏரி அது. அந்தத் தண்ணீர் வடகரையில் திட்டக்குடி, விருத்தாசலம் பக்கத்து வயல்களுக்குப் பாய்கிறது. தென்கரையிலிருந்து உள்ளே போகப் போக வயல் குறைந்து காடு மிஞ்சுகிறது. வயலுக்கு ஆறும் ஏரியும் உண்டு. காட்டுக்கு வானம் மட்டுமே. 'அவன் காட்டுல மழை' என்ற தொடரை வயல்காரன் உண்டாக்கியிருக்க முடியாது. அது புன்செய்க்காரனின் பெருமூச்சு.

ஆனால் நாம் அதிகம் புழங்கும் தொடர்கள் வேறு இடத்திலிருந்து பேசுகின்றன. காட்டான், காட்டுக்கத்தல், காட்டுத்தனம், காட்டுமிராண்டி, கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டாற்போல. அதிகாரிக்குக் கோபம் வந்தால் 'தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்'. அந்தத் தண்ணியில்லாக் காட்டில் தலைமுறை தலைமுறையாக மனுசன் இருக்கிறானே! அவனுக்கு வீடு. வருகிறவனுக்குத் தண்டனை. இந்தத் தொடர்கள் எல்லாமே வரப்பில் நின்று, தண்ணீர் பாயும் பக்கத்திலிருந்து, காட்டைப் பார்த்துச் சொன்னவை. காட்டை அழித்து நாடாக்கினான் என்று கரிகாலனைப் பட்டினப்பாலை புகழ்கிறது. அந்தப் புகழ்ச்சிக்குள்ளேயே 'நாடு' மையமாகவும் 'காடு' மற்றமையாகவும் பிரிந்துவிட்டன. வென்றவனின் சொல்லாடல் பழமொழியாக இறுகிவிட்டது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அரசகுமாரன் போனால் அது 'வனவாசம்'. உழைக்கிறவன் இருந்தால் அவன் 'காட்டான்'. 1882இல் சென்னை வனச் சட்டம் வந்தது. காப்புக்காடு என்று எல்லைக்கல் நட்டார்கள். ஆடு மேய்ப்பதும் விறகு பொறுக்குவதும் குற்றமாயின. பச்சைமலைக்காரர்களிடம் கேட்டால் மிச்சத்தைச் சொல்வார்கள். அந்தத் துறைக்கு நாம் வைத்திருக்கும் பெயர் 'வனத்துறை'. காட்டுத்துறை என்று யாரும் சொல்வதில்லை. அதிகாரம் வனம் என்ற சொல்லை எடுத்துக்கொண்டு, வசைக்குக் காட்டை விட்டுவைத்தது.

ஆங்கிலமும் இதில் சளைத்ததில்லை. 'சேவேஜ்' என்ற வசை, காட்டைக் குறிக்கும் இலத்தீன் 'சில்வா'விலிருந்து வந்தது. காட்டுவாசி என்பதே அதன் பழைய பொருள். 'ஜங்கிள்' கதை இன்னும் வேடிக்கை. சமஸ்கிருதத்தில் 'ஜாங்கலம்' என்றால் தண்ணீர் குறைந்த, புதர் மண்டிய, வறண்ட திறந்த நிலம். ஆயுர்வேத நூல்கள் அதைச் சதுப்பு நிலமான 'ஆனூப'த்துக்கு எதிரே வைத்து, உடம்புக்கு நல்ல நிலம் என்கின்றன. பிரெஞ்சு அறிஞர் பிரான்சிஸ் சிம்மர்மன் இதை 1982இல் வந்த தன் நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். ஏறக்குறைய நம்ம பெரம்பலூர்க் காடு! வெள்ளைக்காரர்கள் வாயில் விழுந்ததும் அது நோயும் புலியும் நிறைந்த அடர்வனம் ஆயிற்று. கிப்ளிங்கின் ஜங்கிள் கதைகள் 1894இலும் 1895இலும் நூல்களாக வந்தன. 'காட்டின் சட்டம்' என்ற தொடர் அவற்றிலிருந்து பரவியது. வலுத்தவன் வைத்ததே சட்டம் என்று இன்று அதற்குப் பொருள் சொல்கிறார்கள். பிரான்சின் கலே துறைமுகத்தில், ஆப்கன் அகதிகள் தாங்கள் தங்கிய மரக்கூட்டத்தைத் தம் மொழியில் 'ஜங்கல்' என்றார்கள். ஐரோப்பியப் பத்திரிகைகள் அதை 'ஜங்கிள்' என்று எழுதின. கேட்டவர்களுக்கு மரம் தெரியவில்லை, மிருகம் தெரிந்தது. 2016 அக்டோபரில் அந்த முகாமை இடித்தார்கள்.

நம் பக்கமும் சுத்தமில்லை, தோழர்களே. கடவுளை வணங்குகிறவரைப் பெரியார் காட்டுமிராண்டி என்றார். தமிழையே அப்படிச் சொன்னார். அவர் குறிவைத்தது காட்டுக்காரனை அல்ல, மேலே நின்ற அதிகாரத்தைத்தான். அவர் கேள்விகள் எனக்கும் உரியவை. ஆனால் வசைக்கு அவர் கை நீண்ட இடம் அதே வயல்காரனின் அகராதி. பகுத்தறிவு பேசும்போதும் நாம் வரப்பு மேலேதான் நின்றிருக்கிறோம். மேடையில் நானும் எத்தனையோ முறை அந்தச் சொல்லை வீசியிருக்கிறேன். கீழே உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப்பேர் காட்டிலிருந்து நேரே வந்தவர்கள்.

இந்த ஊரின் பெயரையே பாருங்கள். ஹஜ்ஜில் முழங்கும் 'லப்பைக்' என்பதிலிருந்து 'லப்பை' வந்தது என்று சொல்லுவார்கள். இதோ வந்தேன் என்று அதற்குப் பொருள். அப்புறம் குடி. அப்புறம் காடு. நாடும் காடும் எதிரெதிர் என்று சொல்லிவந்த இலக்கணத்துக்கு இந்த ஊர்ப்பெயர் கட்டுப்படவில்லை. குடியும் காடும் ஒட்டிக்கொண்டே நிற்கின்றன. இங்கிருந்து சபர் போனவர்கள் வளைகுடாவின் பாலையிலிருந்து அனுப்பிய பணத்தில்தான் மாடிகள் எழுந்தன. மழை எந்தக் காட்டில் பெய்ததென்று பாருங்கள்!

'வீடு போ போங்குது, காடு வா வாங்குது' என்பார்கள் கிழவர்கள். சுடுகாட்டைச் சொல்கிறார்கள். முஸ்லிம் பெரியவர்களிடம் அந்த இடத்துக்குப் பெயர் மையத்தாங்கொல்லை. கொல்லையும் இந்தப் பக்கத்தில் புன்செய்க்கு இன்னொரு பெயர்தான். கடைசியில் எல்லாரும் போய்ச் சேருவது ஒரு புன்செய் நிலத்துக்கு. அந்த நிலத்தின் பேரைச் சொல்லியா ஒருவனைத் திட்டுவது?

அடுத்த தடவை வகுப்பில் யாராவது சிரித்தால், நான் கூடச் சேர்ந்து சிரிக்கமாட்டேன்.