எரிமலையில் பிறந்த ஒரு சொல்

நாகர்கோவிலிலிருந்து தக்கலை வழியே மார்த்தாண்டம் செல்லும் நெடுஞ்சாலையில், டயர் பழுதுபார்க்கும் கடைகளின் பலகைகளில் ‘வல்கனைசிங்’ என்னும் சொல்லைக் காணலாம். நாளும் கண்ணிற்படும் இச்சொல்லைக் குறித்து மாணவி ஒருத்தி என்னிடம் வினவினாள்: “வல் என்றால் வலிமை. ரப்பருக்கு வலிமை தருவதால் இது தமிழ்ச்சொல்தானே அம்மா?”

கேட்பதற்கு இனிய விளக்கம். ஆயின், வரலாறு வேறு.

இத்தாலியின் சிசிலித் தீவிற்கு வடக்கே வல்கானோ என்னும் சிறு தீவு உளது. நெருப்புக்கும் கொல்லுத்தொழிலுக்கும் உரிய தெய்வமாகிய வல்கனின் உலைக்களமே அத்தீவின் எரிமலை எனப் பண்டை உரோமர் நம்பினர். தெய்வத்தின் பெயர் தீவுக்காயிற்று. தீவின் பெயர் ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் எரிமலைக்கே பொதுப்பெயராயிற்று.

பதப்படுத்தாத ரப்பர் வெயிலில் இளகி ஒட்டும். கடுங்குளிரில் விறைத்து வெடிக்கும். அதனுடன் கந்தகம் கலந்து சூடேற்றின் இக்குறை நீங்குமென 1839இல் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் கண்டார். ரப்பரின் நீண்ட மூலக்கூற்று இழைகளைக் கந்தகம் குறுக்கே பிணைப்பதே இதன் காரணம். இங்கிலாந்தில் இதே முறைக்கு 1844இல் காப்புரிமை பெற்றவர் தாமஸ் ஹான்காக். கந்தகமும் வெப்பமும் எரிமலைக்கு உரியன அல்லவா? ஹான்காக்கின் நண்பரான ஓவியர் வில்லியம் பிராக்கிடன், அத்தெய்வத்தின் பெயராலேயே இம்முறைக்குப் பெயர் சூட்டினார்.

அமேசான் காட்டில் தோன்றிய ரப்பர் மரம் இன்று குலசேகரம், அருமனை, கீரிப்பாறைப் பகுதிகளில் சிரட்டை நிறையப் பால் சுரக்கிறது. மரம் ஒரு திசையிலிருந்து வந்தது. சொல் மற்றொரு திசையிலிருந்து வந்தது. இரண்டும் நம் மண்ணில் கூடியுள்ளன.

எனவே, ‘வல்’ என்னும் ஒலியொப்புமை தற்செயலே. ஒலி ஒத்தலை மட்டுமே கொண்டு வேர் காண்பது, தமிழுக்குப் பெருமை சேர்ப்பதுபோல் தோன்றினும், மெய்யாகவே தொன்மையுடைய நம் சொற்களின் மீதும் ஐயம் விளைவிக்கும். திசைச்சொல்லையும் வடசொல்லையும் பெயர் சுட்டிச் செய்யுட்குரியனவாக ஏற்றவர் தொல்காப்பியர். வந்த சொல்லை வந்ததென ஒப்புவதால் தமிழ் தாழ்வதில்லை.

கவிஞர் இவ்வொப்புமையைச் சிலேடையாக்கி மகிழலாம். அஃது அவர்தம் உரிமை. ஆய்வாளர் அதனை வரலாறாக்குதல் ஆகாது. மாணவிக்கு இதையே கூறினேன். சற்றே முகம் வாடினாள். பின்னர், “இனி அந்தப் பலகையைப் பார்க்கும்போதெல்லாம் எரிமலை நினைவுக்கு வரும்” என்றாள். ஒரு சொல்லின் மெய்வரலாறு தரும் செல்வம் அதுவே.