ஒரு வழக்கு, இரண்டு இழப்புகள்: உயிரிழப்பு வழக்கில் இறந்தவரின் கோரிக்கையைச் சேர்த்தல்

பிறர் கவனக்குறைவால் ஒருவர் இறக்கும்போது, அவரை நம்பியிருந்த மனைவி மக்கள் இழப்பது ஒன்று. அடிபட்டது முதல் உயிர் பிரியும்வரை ஆன மருத்துவச் செலவு, போன கூலி, குறைந்துபோன ஆயுள் என்று அவரே இழப்பது வேறொன்று. 1855ஆம் ஆண்டின் உயிரிழப்பு விபத்துகள் சட்டத்தில் முதலாவதற்கு 1அ பிரிவும் இரண்டாவதற்கு 2ஆம் பிரிவும் உள்ளன. முதலாவதை மட்டும் கேட்டுத் தொடுத்த வழக்கில், இரண்டாண்டுக் காலவரம்பு கடந்தபின் மற்றதைச் சேர்க்கலாமா? சேர்க்கவிட வேண்டும் என்பதே என் வாதம்.

இரண்டும் வெவ்வேறு உரிமைகள் என்பதில் ஐயமில்லை. 1947இல் பழநி–தாராபுரம் சாலையில் நடந்த பேருந்து விபத்திலிருந்து எழுந்த கோபால்டு மோட்டார் சர்வீஸ் வழக்கில், உச்ச நீதிமன்றம் 1961இல் இதைத் தெளிவாக்கியது. குடும்பத்துக்கான இழப்பீட்டோடு, ஆயுள் இழப்புக்காக இறந்தவரின் சொத்துக்கு வழங்கிய ரூ.5,000மும் நிலைத்தது. ஒரே இழப்புக்கு ஒருவரே இருமுறை பணம் பெறக் கூடாது என்பதுதான் நீதிமன்றம் வைத்த எல்லை.

வெவ்வேறு உரிமை என்பதாலேயே காலம் கடந்தபின் சேர்க்க முடியாது என்பார் உண்டு. கலிபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் 2006இல் அப்படித்தான் தீர்ப்பளித்தது: தாய் தன் இழப்புக்காகத் தொடுத்த வழக்கில், இறந்த மகனின் உரிமையைப் பின்னர் சேர்த்தபோது, அது வேறொரு தீங்கு பற்றிய கோரிக்கை என்று கூறிக் காலவரம்பைச் சுட்டி மறுத்தது. அங்கே வாரிசு தன் பெயரில் கேட்பதும் இறந்தவரின் இடத்தில் நின்று கேட்பதும் வேறு வேறு தகுதிகள். நம் சட்டத்தின் அமைப்பு அதுவன்று. குடும்பத்துக்கான வழக்கைத் தொடுப்பவரே இறந்தவரின் சட்டப் பிரதிநிதிதான். அதே வழக்கில் சொத்தின் இழப்பையும் அவர் சேர்த்துக் கேட்கலாம் என்கிறது 2ஆம் பிரிவு. அதே பொருள் குறித்து இன்னொரு வழக்கு கூடாது என்றும் தடுக்கிறது. ஒரே கதவை மட்டும் திறந்துவைத்த சட்டம் அதையும் சாத்தினால், உரிமை ஏட்டளவில்தான் மிஞ்சும். மருத்துவக் கடனோடு நிற்கும் குடும்பத்துக்கு இது சிறிய செய்தியன்று.

காலம் கடந்தது திருத்தத்தை மறுக்க வலுவான காரணமே. ஆனால் நீதியின் பொருட்டு நீதிமன்றம் அனுமதிக்கலாம் என்று 1957லேயே லீச்–ஜார்டின் ஸ்கின்னர் வழக்கில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியிருக்கிறது. விபத்து, கவனக்குறைவு, இறப்பு ஆகியவை முதல் பிராதிலேயே இருக்க, எதிர்வாதி தன் பொறுப்பு குறித்துப் புதிதாக ஆயத்தமாக வேண்டியதில்லை. விசாரணை தொடங்கியபின் தக்க அக்கறை காட்டியதை நிறுவினாலன்றித் திருத்தம் கூடாது என்ற 2002ஆம் ஆண்டு விதிதான் உண்மையான தடை. மருத்துவமனைப் பதிவேடுகள் தாமதமாகக் கைக்கு வந்த குடும்பம் அதைத் தாண்டிவிடலாம். எல்லாப் பதிவுகளையும் கையில் வைத்துக்கொண்டு, எதிர்த்தரப்புச் சாட்சிகள் பேசி முடித்தபின் புதிய உண்மைகளோடு வருபவருக்கு இந்தச் சலுகை இல்லை.