யாருடைய உடலில் கற்றோம்?

எடின்பரோ பல்கலைக்கழகத்தின் உடற்கூறியல் அருங்காட்சியகத்தில் வில்லியம் பர்க்கின் எலும்புக்கூடு இன்றும் இருக்கிறது. 1828-இல் அவனும் கூட்டாளி வில்லியம் ஹேரும் சேர்ந்து 16 பேரைக் கொன்றார்கள். செத்தவர்கள்மீது அவர்களுக்குப் பகை எதுவும் இல்லை. டாக்டர் ராபர்ட் நாக்ஸ் நடத்திய அனாட்டமி வகுப்புக்குப் பிணம் தேவைப்பட்டது. அங்கே கேள்வி கேட்காமல் காசு கொடுத்தார்கள்.

அரசு மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்கு அனாட்டமி நடத்தி ஓய்வுபெற்றவள் நான். மேசைமேல் கிடத்தியிருக்கும் உடலில் எந்தத் தசை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பாடநூல் விரிவாகச் சொல்லும். அந்த உடல் யாருடையது, யார் சம்மதித்து அங்கே வந்தது என்று சொல்லாது. என் துறையின் வரலாற்றில் மாணவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அதைத்தான்.

பிரிட்டனில் பிணத்தை அறுப்பது ஒரு தண்டனையாகவே இருந்தது. கொலைக் குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்டவர்களைப் புதைக்கக் கூடாது, அறுக்கக் கொடுக்க வேண்டும் அல்லது சங்கிலியில் தொங்கவிட வேண்டும் என்ற சட்டம் 1752-இல் நடைமுறைக்கு வந்தது. இறுதித் தீர்ப்பு நாளில் உடலோடு எழுவோம் என்று நம்பிய மக்களுக்கு, தூக்குக் கயிற்றைவிட இது பெரிய அச்சம். மருத்துவப் பள்ளிகள் பெருகப் பெருக, தூக்கிலிடப்பட்டவர்களின் உடல்கள் போதவில்லை. ராத்திரியில் கல்லறையைத் தோண்டுவது ஒரு தொழிலாயிற்று. சட்டத்தின் கண்ணில் பிணம் யாருக்கும் சொத்தில்லை, சவத்துணி சொத்து. ஆகவே திருடர்கள் துணியை உருவிக் குழியிலேயே போட்டுவிட்டு உடலை மட்டும் தூக்கிப்போனார்கள். வசதியுள்ளவர்கள் கல்லறைமேல் இரும்புக் கூண்டு போட்டுப் பூட்டினார்கள். எடின்பரோவின் கிரேஃபிரையர்ஸ் கல்லறைத் தோட்டத்தில் அந்தக் கூண்டுகளை இன்றும் பார்க்கலாம். ஏழைகளின் குழிக்குக் கூண்டு ஏது?

பர்க்கும் ஹேரும் முதலில் விற்றது அவர்கள் கொன்றவரின் உடலை அல்ல. ஹேரின் விடுதியில் தங்கியிருந்த, பென்ஷன் வாங்கும் கிழவர் ஒருவர் 1827 கடைசியில் 4 பவுன் வாடகை பாக்கியோடு நோயில் இறந்துபோனார். சவப்பெட்டியில் தோல் பதனிடும் மரப்பட்டையை நிரப்பி அடக்கத்துக்கு அனுப்பிவிட்டு, உடலை 7 பவுன் 10 ஷில்லிங்குக்கு நாக்ஸிடம் விற்றார்கள். பாக்கி தீர்ந்து கையில் காசும் மிஞ்சியது. கொலைகள் அதன் பிறகு தொடங்கின. பிடிபட்டதும் ஹேர் அரசுத் தரப்புச் சாட்சியாகித் தப்பினான். பர்க் 1829 ஜனவரி 28 அன்று தூக்கிலிடப்பட்டு, பிறகு அவனுடைய உடலும் அறுக்கப்பட்டது. நாக்ஸ்மீது வழக்கே போடவில்லை.

இந்த அதிர்ச்சிக்குப் பிறகு 1832-இல் உடற்கூறியல் சட்டம் வந்தது. கொலையாளிகளின் உடலை அறுக்கும் தண்டனையை அது ஒழித்தது. அதற்குப் பதிலாக, எவரும் உரிமை கோராத உடலை மருத்துவப் பள்ளிக்குத் தரலாம் என்றது. அப்படிச் செத்தவர்கள் பெரும்பாலும் ஏழைகள் விடுதியில் கிடந்தவர்கள். உறவினர் இருந்தாலும் அடக்கச் செலவுக்குப் பணமில்லாமல் ஒதுங்கிக்கொண்டார்கள். கொலைகாரனுக்கு விதித்திருந்த தண்டனை வறியவன் தலையில் விடிந்தது.

சட்டம் நிறைவேறுவதற்குச் சில வாரங்கள் முன்பு, ஜூன் 6 அன்று, தத்துவ அறிஞர் ஜெரமி பெந்தம் 84 வயதில் காலமானார். தன் உடலை அறுத்துப் படிக்கக் கொடுக்க வேண்டும் என்று 21 வயதிலேயே உயில் எழுதியவர் அவர். நண்பர் டாக்டர் சவுத்வுட் ஸ்மித் மூன்றாம் நாள் கூட்டத்தின் முன்னால் அந்த உடலை அறுத்துப் பாடம் நடத்தினார். உரிமை கோராத உடல்களைப் பயன்படுத்தலாம் என்று 1824-இலேயே எழுதியவரும் இதே ஸ்மித்தான். இரண்டு வழிகளும் ஒரே மேசையில் இருந்தன: கேட்காமல் எடுத்துக்கொள்வது, தானே முன்வந்து கொடுப்பது. உலகம் நெடுங்காலம் முதல் வழியிலேயே போயிற்று.

நம் நாட்டில் சுஸ்ருத சம்ஹிதை, உடலைப் புல்லால் சுற்றிக் கூண்டில் வைத்து, ஓடும் நீரில் ஏழு இரவு ஊறவிட்டு, பிறகு மெல்லத் தேய்த்து உறுப்புகளைப் பார்க்கச் சொல்கிறது. காலப்போக்கில் அந்தக் கல்வி அற்றுப்போயிற்று. 1836-இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் மதுசூதன் குப்தா, சாதிக் கட்டை மீறிப் பிணத்தில் கத்தி வைத்தார். ஆனால் சுதந்திரத்துக்குப் பிறகு நாம் இயற்றிய சட்டங்களும், 1949-இன் பம்பாய் உடற்கூறியல் சட்டம் முதலாக, உரிமை கோராத உடலையே நம்பின. 1985-இல் தடை வரும்வரை கல்கத்தாவிலிருந்து மனித எலும்புக்கூடுகள் வெளிநாட்டுக் கல்லூரிகளுக்குக் கப்பலேறின.

ஃபார்மலின் கண்ணை எரிக்கும் எங்கள் ஹாலில் ஒருமுறை வந்த உடலுக்கு, எண் எழுதிய அட்டையைத் தவிர அடையாளம் இல்லை. மணிக்கட்டுக்கு மேலே பச்சை குத்தியிருந்தது: இரண்டு பெயர்கள், நடுவில் ஒரு பூ. தோலை உரித்தால்தான் உள்ளே தசைநாண்கள் தெரியும். கத்தி பிடித்திருந்த மாணவி அந்த இடத்தைச் சுற்றி வெட்டி, பச்சை இருந்த தோலை மட்டும் அப்படியே விட்டுவைத்தாள். யாருமில்லாதவர் என்று காகிதம் சொன்னது. ஒருகாலத்தில் அவரை உரிமையோடு கூப்பிட்டவர்கள் உண்டு என்று அந்தக் கை சொன்னது.

செத்தவருக்கு வலிக்காதே, பிறகென்ன அநியாயம் என்று மாணவர்கள் கேட்பார்கள். சாவு வந்தபின் துன்பப்பட நாம் இருக்கமாட்டோம் என்று எபிகூரஸும் வாதிட்டார். சரிதான், வலி இல்லை. அநியாயம், யாருடைய உடல் என்று முடிவுசெய்த விதத்தில் இருக்கிறது. மருத்துவத்தின் பயன் எல்லாருக்கும். உடல் மட்டும் மறுத்துப் பேச ஆளில்லாதவர்களிடமிருந்து. அறுவைச் சிகிச்சையில் பிழைத்த ஒவ்வொருவரும், நான் உட்பட, அவர்களுக்குக் கடன்பட்டவர்கள்.

இந்தக் கடனை அடைக்க வழி உண்டு. நான் உடல் தானத்துக்குக் கையெழுத்திட்டிருக்கிறேன். நீங்களும் அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரியின் அனாட்டமி துறையில் கேட்டுப் பதிவுசெய்யுங்கள். இறந்த ஆறு மணி நேரத்துக்குள் கண்களைக் கொடுத்துவிட்டு, பிறகு உடலையும் கொடுக்கலாம். கையெழுத்து மட்டும் போதாது. நீங்கள் போனபின் தொலைபேசியை எடுத்துக் கல்லூரிக்குச் சொல்லப்போகிறவர்கள் உங்கள் வீட்டார். ஆகவே இன்றே அவர்களை உட்காரவைத்துப் பேசிவிடுங்கள்.