உதவ நீளும் கையைத் தடுப்பது எது?

1964 மார்ச் 13 அதிகாலை. நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதியில், வேலை முடிந்து வீடு திரும்பிய கிட்டி ஜெனோவீஸ் என்ற 28 வயதுப் பெண் தம் குடியிருப்பின் அருகிலேயே கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். இரண்டு வாரம் கழித்து 'நியூயார்க் டைம்ஸ்' வெளியிட்ட செய்தி அமெரிக்காவை உலுக்கியது. 38 பேர் பார்த்திருந்தும் தாக்குதல் நடந்தபோது ஒருவர்கூடக் காவல்துறையை அழைக்கவில்லை என்றது அச்செய்தி. நகரத்தாரின் நெஞ்சு மரத்துவிட்டது என்று பலரும் பழித்தனர்.

ஜான் டார்லி, பிப் லத்தானே என்ற உளவியலாளர்கள் இருவர் இதை வேறு பக்கமிருந்து பார்த்தார்கள். பலர் இருந்ததுதான் உதவி வராமற்போனதற்குக் காரணமோ என்பது அவர்களின் ஐயம். 1968-இல் வெளியான ஆய்வுக்காக, கல்லூரி மாணவர்களைத் தனித்தனி அறைகளில் அமர்த்தி, இன்டர்காம் வழியாக ஒருவரோடொருவர் பேசச் சொன்னார்கள். பேச்சின் நடுவே ஒரு குரல் வலிப்பு கண்டதுபோல் திணறி உதவி கேட்டது. அது முன்பே பதிவு செய்த குரல் என்பது மாணவர்களுக்குத் தெரியாது. கேட்பது தான் ஒருவர் மட்டுமே என்று நம்பியவர்களில் 85 விழுக்காட்டினர் குரல் அடங்குமுன் வெளியே வந்து தகவல் சொன்னார்கள். இன்னும் நால்வர் கேட்கிறார்கள் என்று நம்பியவர்களில் அப்படி வந்தவர்கள் 31 விழுக்காட்டினரே.

எழுந்து வராதவர்கள் கல்நெஞ்சக்காரர்களா? ஆய்வாளர் அறைக்குள் போனபோது அவர்களில் பலருக்குக் கை நடுங்கிக்கொண்டிருந்தது, உள்ளங்கை வியர்த்திருந்தது. அந்த மனிதர் நலமாக இருக்கிறாரா என்று கவலையோடு விசாரித்தார்கள். பதைப்பு அவர்களுக்கும் இருந்தது. 'வேறு யாராவது சொல்லியிருப்பார்கள்' என்ற எண்ணம் காலைக் கட்டிப்போட்டிருந்தது.

அவசரமும் அப்படிக் கட்டிப்போடும். 1973-இல் டார்லியும் டேனியல் பேட்சனும் பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி மாணவர்களை ஆராய்ந்தனர். சிலருக்கு, வழியில் அடிபட்டுக் கிடந்தவருக்கு உதவிய அந்நியனைப் பற்றிய விவிலியக் கதையான நல்ல சமாரியன் உவமையைப் பற்றியே பேசும் பணி. பேசப் போகும் வழியில், கதவோரம் ஒருவர் சுருண்டு இருமியபடி கிடந்தார். நேரம் இருந்தவர்களில் 63 விழுக்காட்டினர் ஏதோ ஒரு வகையில் உதவினர். 'ஏற்கெனவே தாமதமாகிவிட்டது' என்று விரட்டப்பட்டவர்களில் உதவியவர்கள் 10 விழுக்காட்டினர் மட்டுமே. எந்தத் தலைப்பில் பேசப் போனார்கள் என்பது பெரிய வேறுபாட்டை உண்டாக்கவில்லை.

இரக்கம் மனிதனிடம் ஆழ வேரூன்றியிருப்பதற்குச் சான்று சிறு குழந்தைகளிடம் கிடைக்கிறது. ஃபெலிக்ஸ் வார்னெகன், மைக்கேல் டோமசெல்லோ இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், 18 மாதக் குழந்தைகள் முன்பின் அறியாத பெரியவர் தவறவிட்ட பொருளைத் தாமாகவே எடுத்துக் கொடுத்தன. பரிசும் இல்லை, பாராட்டும் இல்லை.

ஜெனோவீஸ் செய்தியும் பின்னாளில் திருத்தம் பெற்றது. 38 பேரும் முழுத் தாக்குதலையும் பார்க்கவில்லை; பலர் சத்தத்தை மட்டுமே கேட்டிருந்தார்கள். ஒருவர் சன்னலிலிருந்து போட்ட அதட்டலில் கொலையாளி முதலில் விலகி ஓடினான். அண்டை வீட்டுப் பெண் ஒருவர் தம் உயிரைப் பற்றி நினைக்காமல் இறங்கி வந்து, உயிர் பிரியும் நிலையில் இருந்தவரைத் தாங்கிக்கொண்டார். செய்தியில் பிழைகள் இருந்ததை 2016-இல் அந்த நாளிதழே ஒப்புக்கொண்டது. ஆம்ஸ்டர்டாம், லங்காஸ்டர், கேப் டவுன் நகரங்களின் கண்காணிப்புக் கேமராக்களில் பதிவான 219 தெருச் சண்டைகளை ஆராய்ந்தபோது, பத்தில் ஒன்பதில் யாராவது ஒருவராவது குறுக்கே புகுந்து தடுத்திருந்தார். ஆள் கூடக்கூட, யாரேனும் ஒருவர் முன்வரும் வாய்ப்பும் கூடியிருந்தது.

உதவிக்கு ஐந்து படிகள் உண்டு என்றார்கள் டார்லியும் லத்தானேயும். நடப்பதைக் கவனிக்க வேண்டும். அது ஆபத்து என்று உணர வேண்டும். பொறுப்பு தனக்குத்தான் என்று ஏற்க வேண்டும். செய்யும் முறை தெரிய வேண்டும். செய்யத் துணிய வேண்டும். எந்தப் படியில் தடுக்கினாலும் நல்ல மனம் உள்ளேயே நின்றுவிடும். சாலையில் ஒருவர் அடிபட்டுக் கிடக்கையில் 'யாராவது போன் பண்ணுங்க' என்ற கூவல் கூட்டத்தில் கரைந்துவிடும். 'நீலச் சட்டை போட்ட அண்ணா, நீங்க 108-க்குப் போன் பண்ணுங்க' என்றால் பொறுப்பு ஒருவர் கையில் வந்து சேரும்.

நம் நாட்டில் பலர் தடுக்கி நின்றது கடைசிப் படியில். போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டியிருக்கும் என்ற அச்சம் அது. உதவுவோரைக் காக்கும் வழிகாட்டு நெறிகளுக்கு 2016-இல் உச்ச நீதிமன்றம் சட்ட வலு தந்தது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, நல்லெண்ணத்துடன் உதவியவர் மீது வழக்குத் தொடர முடியாது என்கிறது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரம் கட்டணமில்லாச் சிகிச்சை கிடைக்கிறது. எனவே, பள்ளியிலும் பணியிடத்திலும் முதலுதவி கற்பிக்கும்போது 134ஏ சட்டப் பிரிவையும் சேர்த்தே சொல்லித்தர வேண்டும். காயத்தை அழுத்திப் பிடிக்கத் தெரிந்தவருக்கு, அப்படிப் பிடித்ததால் வழக்கில் மாட்டிக்கொள்ள மாட்டோம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.