முன்பணம் கேட்கும் பரிசு: லாட்டரி மின்னஞ்சல் மோசடியின் வரலாறும் அடையாளங்களும்

ஆய்வின் நோக்கம்

‘உங்கள் மின்னஞ்சல் முகவரி சர்வதேசக் குலுக்கலில் தேர்வாகியுள்ளது, பல லட்சம் பவுண்டு பரிசு உங்களுக்காகக் காத்திருக்கிறது’ என்று அறிவிக்கும் கடிதங்கள் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக உலகெங்கும் சுற்றி வருகின்றன. அவற்றைப் பற்றிய எச்சரிக்கைகளும் அதே காலமாக வெளிவருகின்றன. ஆனாலும் ஏமாறுவோர் குறையவில்லை. எச்சரிக்கைகள் பெரும்பாலும் எழுத்துப்பிழை, கொச்சையான ஆங்கிலம், அறிமுகமில்லாத அனுப்புநர் என்று மேற்பரப்பு அறிகுறிகளையே அடுக்குவது இதற்கு ஒரு காரணம். அந்த அறிகுறிகள் காலந்தோறும் மாறுகின்றன. மாறாத கூறு எது என்று அறிய, இம்மோசடி வளர்ந்து வந்த வழியைத் தொடர்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

இக்கட்டுரை இரண்டு கருத்துகளை முன்வைக்கிறது. முதலாவது, லாட்டரி மின்னஞ்சல் தனியே தோன்றிய இணையக் குற்றம் அன்று; இருநூறு ஆண்டு வரலாறுடைய ‘முன்பண மோசடி’யின் அண்மைக்கால வடிவம். இரண்டாவது, அந்த வரலாற்றில் லாட்டரி வடிவம் ஒரு திருப்புமுனை. அதுவரை பேராசைக்காரரையும் குறுக்குவழி தேடுவோரையும் குறிவைத்த மோசடி, லாட்டரியின் வழியாகத்தான் எந்தத் தவறும் செய்யாத எளிய மனிதரின் வாசலுக்கு வந்தது.

1. சிறையிலிருந்து வந்த கடிதங்கள்

பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிந்தைய பாரிஸ் சிறைகளில் கைதிகள் சிலர் கடிதம் எழுதுவதையே தொழிலாக நடத்தினர். குற்றவாளியாக வாழ்ந்து பின்னர் பாரிஸ் காவல்துறையின் துப்பறியும் பிரிவுக்குத் தலைமை வகித்த விதோக், இந்தக் கடிதங்களைப் பற்றி 1830களில் எழுதியிருக்கிறார். ‘ஜெருசலேம் கடிதங்கள்’ என்பது அவற்றுக்குக் குற்றவாளிகள் வைத்திருந்த பெயர். வெளியூர்ச் செல்வந்தர்களின் பெயர்களைத் திரட்டி, அவர்களுக்கு ஒரு கதை எழுதி அனுப்புவார்கள். புரட்சியின்போது தப்பியோடிய பிரபு ஒருவரின் பணியாள் நான். துரத்தப்பட்டபோது நகைப்பேழையை உங்கள் ஊருக்கு அருகில் மறைக்க நேர்ந்தது. இப்போது சிறையில் இருக்கிறேன். சிறுதொகை அனுப்பினால் பேழை இருக்கும் இடத்தைக் காட்டும் குறிப்பை மீட்டுத் தருவேன். நூறு கடிதங்களுக்கு இருபது பதில்கள் வந்ததாக விதோக் குறிப்பிடுகிறார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதே கதை ‘ஸ்பானியக் கைதி’ என்ற பெயரில் அட்லாண்டிக் கடந்தது. ஸ்பெயின் சிறையில் வாடும் செல்வந்தர், அவரை விடுவிக்கத் தேவைப்படும் பணம், விடுதலையானதும் கிடைக்கப்போகும் பெரும்பங்கு என்பதே அதன் கட்டமைப்பு. 1898இல் நியூயார்க் டைம்ஸ் இதைப் பற்றி எழுதியபோதே, காவல்துறை அறிந்த மிகப் பழைய மோசடிகளுள் ஒன்றாக இது கருதப்பட்டது.

இந்த ஆரம்பக் கடிதங்களிலேயே நான்கு கூறுகளும் முழுமையாக அமைந்துவிட்டன: கண்ணால் காண முடியாத பெருஞ்செல்வம், அதை அடையச் சிறு முன்பணம், யாரிடமும் சொல்லக்கூடாது என்ற நிபந்தனை, உடனே செயல்பட வேண்டிய அவசரம். பின்வந்தவர்கள் இவற்றோடு புதிதாக எதையும் சேர்க்கவில்லை. கதையையும் அஞ்சல் வழியையும் மட்டுமே மாற்றினார்கள்.

2. ‘419’ காலம்

1980களில் எண்ணெய் விலை சரிந்து நைஜீரியப் பொருளாதாரம் தள்ளாடியது. படித்தவர்களிடையே வேலையின்மை பெருகியது. அக்காலத்தில் அங்கிருந்து மேலைநாட்டு வணிகர்களுக்கு அஞ்சல், டெலக்ஸ், பேக்ஸ் வழியாகக் கடிதங்கள் போகத் தொடங்கின. அரசு ஒப்பந்தம் ஒன்றில் கூடுதலாகக் கணக்குக் காட்டப்பட்ட கோடிக்கணக்கான டாலர் முடங்கிக் கிடக்கிறது, அதை வெளியே கொண்டுவர வெளிநாட்டு வங்கிக் கணக்கு வேண்டும், கணக்கைத் தருபவருக்குப் பங்கு உண்டு என்பது கடிதத்தின் சாரம். நைஜீரியக் குற்றவியல் சட்டத்தின் மோசடிப் பிரிவு எண்ணான 419 இந்த மோசடிக்கே பெயராகிவிட்டது.

இதில் சிக்கியவர்கள் விவரம் அறியாதவர்கள் அல்லர் என்பதற்குப் பிரேசிலின் ‘பாங்கோ நொரோயெஸ்தே’ வங்கியே சான்று. நைஜீரியாவின் அபுஜாவில் விமான நிலையம் கட்டும் திட்டம் என்று நம்பவைக்கப்பட்ட அவ்வங்கியின் உயர் அதிகாரி, 1995 முதல் 1998 வரை ஏறத்தாழ 24 கோடி டாலரை அனுப்பினார். நைஜீரியாவில் 2003இல் செயல்படத் தொடங்கிய பொருளாதார, நிதிக் குற்ற ஆணையம் இவ்வழக்கை எடுத்து நடத்தி, 2005இல் முதன்மைக் குற்றவாளிக்குச் சிறைத்தண்டனை பெற்றுத் தந்தது.

419 கடிதம் பெறுபவரைக் குற்றத்தின் கூட்டாளியாக்கியது. ஒரு நாட்டின் பொதுப்பணத்தைக் கள்ளத்தனமாக வெளியேற்ற உதவுங்கள் என்பதே அதன் அழைப்பு. ஏமாந்தவர் புகார் கொடுக்கத் தயங்கினார். மோசடிக்காரருக்கு அது பெரும் பாதுகாப்பாக இருந்தது. ஆனால் அதே அழைப்பு நேர்மையானவர்களை விலகிப்போகவும் செய்தது. அதனால் இரையாகக் கூடியவர்களின் வட்டம் ஓர் எல்லைக்குள் நின்றது.

3. லாட்டரி: எல்லை உடைந்த இடம்

1996இல் ஹாட்மெயில் வந்தது; இலவச மின்னஞ்சல் பரவலாயிற்று. தபால்தலைச் செலவு இல்லாமல் லட்சக்கணக்கானோருக்கு ஒரே கடிதத்தை அனுப்ப முடிந்தது. அத்தனை பேருக்கும் பொருந்தும் ஒரு கதை தேவைப்பட்டபோது லாட்டரி வந்தமைந்தது.

லாட்டரிக் கதையில் பெறுபவர் எந்தத் தவறும் செய்ய வேண்டியதில்லை; நல்ல நேரம் ஒன்றே போதும். நம்பகத்துக்கு உண்மையான லாட்டரிகளின் புகழ் துணை நின்றது. 1812 முதல் நடந்துவரும் ஸ்பெயினின் கிறிஸ்துமஸ் லாட்டரியான ‘எல் கோர்தோ’வும், 1994இல் தொடங்கிய பிரிட்டனின் தேசிய லாட்டரியும் போலிக் கடிதங்களின் தலைப்பில் இடம்பெற்றன. சீட்டே வாங்கவில்லையே என்ற இயல்பான ஐயத்துக்கும் விடை தயாராக இருந்தது: இணையத்திலுள்ள மின்னஞ்சல் முகவரிகளைக் கணினி குலுக்கித் தேர்ந்தெடுத்தது என்றார்கள். தொகுதி எண், குறிப்பு எண், அதிர்ஷ்ட எண் என எண்களை அடுக்கி அலுவலகத் தோற்றம் தந்தார்கள். ஒரே பரிசை இருவர் கோருவதைத் தடுக்க இதை ரகசியமாக வைத்திருங்கள் என்ற வரி, பழைய கைதிக் கடிதத்தின் ரகசியக் கட்டளையை அப்படியே நிறைவேற்றியது.

இத்தொழில் எவ்வளவு விரிந்திருந்தது என்பது 2005 ஜூலையில் தெரியவந்தது. ஸ்பெயினின் மலாகா பகுதியில் லாட்டரி மோசடிக் கும்பலைச் சேர்ந்த முந்நூறுக்கும் மேற்பட்டோரைக் காவல்துறை கைது செய்தது. அக்காலத்தில் ‘மைக்ரோசாப்ட் லாட்டரி’, ‘யாகூ லாட்டரி’ என்ற பெயர்களிலும் கடிதங்கள் பெருகின. அந்நிறுவனங்கள் அப்படி எந்த லாட்டரியும் நடத்தியதில்லை. 2008இல் மைக்ரோசாப்ட், யாகூ, வெஸ்டர்ன் யூனியன், ஆப்பிரிக்க வளர்ச்சி வங்கி ஆகியவை இம்மோசடிக்கு எதிராகக் கைகோத்தன. ஜமைக்காவிலிருந்து அமெரிக்க முதியோரைத் தொலைபேசியில் அழைத்துப் பரிசுச் செய்தி சொல்லும் மோசடி பெருகி, அந்நாடு 2013இல் அதற்கெனத் தனிச்சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று.

4. பணம் பறிக்கும் படிகள்

முதல் கடிதம் பணம் கேட்பதில்லை. பெயர், முகவரி, வயது, தொழில், தொலைபேசி எண் ஆகியவற்றை மட்டுமே கேட்கிறது. பதில் அனுப்புவோர் தம்மைத் தாமே பொறுக்கித் தந்துவிடுகிறார்கள். அடுத்து முத்திரையிட்ட பரிசுச் சான்றிதழ் வருகிறது. பிறகே கட்டணங்கள் தொடங்குகின்றன: கூரியர் செலவு, காப்பீடு, சுங்கவரி, வருமான வரி, இது கறுப்புப் பணம் இல்லை என்பதற்கான சான்றிதழ். ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் கூடுதல். ஒவ்வொன்றும் ‘கடைசி’க் கட்டணம்.

இங்கே ஏமாந்தவரை இழுப்பது ஆசை மட்டும் அன்று. ஏற்கெனவே கட்டிய பணமும்தான். நிறுத்தினால் அதுவரை கொடுத்தது முழுதும் வீணாகும் என்ற எண்ணமே அடுத்த தவணையைக் கட்டவைக்கிறது. பிரிட்டனின் நியாய வணிக அலுவலகத்துக்காக எக்ஸிடர் பல்கலைக்கழகம் 2009இல் வெளியிட்ட ஆய்வு, மோசடிக்கு இரையானவர்கள் சிந்திக்காமல் ஏமாறுவதில்லை என்று காட்டியது. மற்றவர்கள் கடிதத்தைப் பார்த்தவுடன் எறிந்துவிட, இவர்கள் அதைக் கூடுதல் நேரம் ஆராய்கிறார்கள். கும்பல் தரும் ஆவணங்களை மட்டுமே வைத்து ஆராய்வதால் அந்த ஆராய்ச்சியே நம்பிக்கையாக மாறிவிடுகிறது.

மைக்ரோசாப்ட் ஆய்வாளர் கோர்மக் ஹெர்லி 2012இல் எழுதிய கட்டுரை மற்றொரு பக்கத்தை விளக்கியது. கடிதம் அனுப்புவதற்குச் செலவில்லை. பதில் எழுதியவரோடு வாரக்கணக்கில் பேசுவதற்குத்தான் உழைப்பு வேண்டும். ஆகவே பாதியில் விழித்துக்கொள்ளக் கூடியவர்கள் தொடக்கத்திலேயே ஒதுங்கிவிடுவது கும்பலுக்கு லாபம். நம்பமுடியாத கதை அந்த வடிகட்டும் வேலையைச் செய்கிறது. கடிதத்தின் அபத்தத்தைக் கண்டு சிரித்து நகர்பவர் கும்பலின் கணக்கில் ஏற்கெனவே கழிக்கப்பட்டவர்.

பணம் போகும் வழியும் கவனத்துக்குரியது. பெறுபவர் எடுத்துவிட்டால் திரும்பப் பெறவே முடியாத பணப்பரிமாற்றச் சேவைகளைக் கும்பல்கள் விரும்பின. மோசடிப் பணம் செல்வதைத் தடுக்கத் தவறியதாக எழுந்த குற்றச்சாட்டில், வெஸ்டர்ன் யூனியன் 2017இல் அமெரிக்க அரசுக்கு 58.6 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. இந்தியாவில் இந்த இடத்தைப் பிறர் பெயரிலுள்ள வாடகை வங்கிக் கணக்குகள் பிடித்துக்கொண்டன.

5. இந்தியச் சூழல்

இந்தியாவில் இக்கடிதங்கள் ரிசர்வ் வங்கியின் பெயரையே பயன்படுத்தத் தொடங்கின. பரிசுத்தொகை ரிசர்வ் வங்கிக்கு வந்துவிட்டது, விடுவிக்கக் கட்டணம் கட்டுங்கள் என்றன. தனிநபர்களுக்குத் தாம் கணக்கு எதுவும் வைத்திருப்பதில்லை என்று ரிசர்வ் வங்கி பலமுறை அறிவித்திருக்கிறது. அந்நியச் செலாவணி விதிகளின்படி லாட்டரிச் சீட்டு வாங்க வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதே தடைசெய்யப்பட்டது. இதை 2010 மே மாதச் சுற்றறிக்கையில் வங்கிகளுக்கும் அது நினைவூட்டியது. வெளிநாட்டு லாட்டரிப் பரிசுக்காகக் கட்டணம் அனுப்புபவர் ஏமாறுவதோடு சட்டத்தையும் மீறுகிறார்.

வாட்ஸ்அப் பரவியபின் கதை உள்ளூர்மயமாயிற்று. ‘கோன் பனேகா குரோர்பதி’ நிகழ்ச்சியின் பெயரில் 25 லட்சம் ரூபாய் விழுந்திருப்பதாக அமிதாப் பச்சன் படத்தோடும் ஒலிப்பதிவோடும் செய்திகள் வந்தன. தமிழ்நாட்டில் 1968இல் அரசே தொடங்கிய லாட்டரி, 2003இல் எல்லா லாட்டரிகளும் தடைசெய்யப்பட்டபோது முடிவுக்கு வந்தது. அண்டை மாநிலமான கேரளத்தின் அரசு லாட்டரியோ காகிதச் சீட்டாக மட்டுமே விற்கப்படுகிறது. அதை இணையத்தில் விற்பதாகவும், அதில் பரிசு விழுந்ததாகவும் வரும் செய்திகளும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை.

6. வரலாறு தரும் அளவுகோல்கள்

மேற்கண்ட வளர்ச்சியிலிருந்து, காலத்தால் மாறாத அளவுகோல்களைப் பிரித்தெடுக்கலாம்.

முதன்மையானது பணத்தின் திசை. உண்மையான லாட்டரியில் பணப்பரிசுக்குரிய வரி பரிசுத்தொகையிலேயே பிடிக்கப்படுகிறது. இந்தியாவில் அது அடிப்படையாக 30 விழுக்காடு. மீதிதான் வென்றவருக்கு வரும். ஆகவே பரிசைப் பெறுவதற்கு வென்றவர் முன்கூட்டிப் பணம் கட்டவேண்டும் என்று யார் சொன்னாலும், எந்த முத்திரையோடு சொன்னாலும், அது மோசடி.

இரண்டாவது, சீட்டு. வாங்காத சீட்டுக்குப் பரிசு விழாது. மின்னஞ்சல் முகவரிகளைக் குலுக்கிப் பரிசு தரும் லாட்டரி எந்த நாட்டிலும் இல்லை.

மூன்றாவது, ரகசியமும் கெடுவும். வீட்டாரிடமோ வங்கி ஊழியரிடமோ சொல்லவேண்டாம் என்றும் இத்தனை மணிக்குள் முடிக்கவேண்டும் என்றும் வற்புறுத்துவது, அடுத்தவர் ஒரு கேள்வி கேட்டால் கதை உடைந்துவிடும் என்பதால்தான்.

இத்தகைய கடிதத்துக்குக் கேலியாகக்கூடப் பதில் எழுதக்கூடாது. முகவரி பயன்பாட்டில் இருப்பதை அது உறுதிசெய்துவிடும். இணைப்புகளைத் திறக்கவோ, ஆதார், பான், வங்கி விவரங்களைத் தரவோ கூடாது. பணம் கட்டிவிட்டவர்கள் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதியலாம். பணம் அடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் முடக்க இதுவே வழி. கடிதங்கள், எண்கள், பரிமாற்ற ரசீதுகள் எதையும் அழிக்கக்கூடாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவு, கணினி வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவோருக்கு மூன்றாண்டு வரை சிறை விதிக்கிறது. இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், கட்டணம் கட்டுங்கள் என்று பிறகு வருபவர்களையும் நம்பக்கூடாது. அது அதே மோசடியின் அடுத்த சுற்று.

முடிவுரை

நல்ல தமிழில் பிழையின்றி எழுதித்தரும் கணினிக் கருவிகள் இன்று யார் கையிலும் உள்ளன. எழுத்துப்பிழையைப் பார்த்து மோசடியை அறியலாம் என்று இனியும் கற்பிப்பது ஆபத்தானது. பணம் எந்தத் திசையில் கேட்கப்படுகிறது என்ற ஒரே கேள்வி, பாரிஸ் சிறைக் கடிதத்துக்கும் இன்றைய வாட்ஸ்அப் செய்திக்கும் ஒருசேரப் பொருந்துகிறது. அதையே முதியோருக்கும் மாணவர்க்கும் முதலில் சொல்லித்தர வேண்டும்.

லாட்டரி வடிவத்தின் வரலாறு மற்றொரு கடமையையும் சுட்டுகிறது. 419 காலத்தில் ஏமாந்தவர் வாய்மூடியிருக்க அவரது குற்ற உணர்வு காரணமாக இருந்தது. லாட்டரியில் ஏமாந்தவரிடம் குற்றம் இல்லை. ஆனாலும் ‘பேராசை பெருநஷ்டம்’ என்று நாம் அவரை இடித்துரைத்து அதே மௌனத்தை உண்டாக்குகிறோம். அந்த மௌனத்தில் புகார் தாமதமாகிறது, பணம் கைமீறிப் போகிறது, அடுத்தவர் எச்சரிக்கையின்றிச் சிக்குகிறார். ஏமாந்தவர் அன்றைக்கே வீட்டில் வாய்திறந்து சொல்லக்கூடிய நிலையை உருவாக்குவது, எந்த மென்பொருளையும் விட வலுவான தற்காப்பு.