இறக்கக்கண்டிப் பிள்ளைகளும் பரீட்சைப் பெறுபேறுகளும்: ஒரு சிறிய பாடசாலையின் புள்ளிகளை எப்படி வாசிப்பது?

திருகோணமலையிலிருந்து புல்மோட்டை செல்லும் வீதியில், நிலாவெளியைத் தாண்டி, குச்சவெளிக்கு முன்பாக வருவது இறக்கக்கண்டி. ஒருபுறம் கடல், மறுபுறம் களப்பு. தமிழரும் முஸ்லிம்களும் வாழும் இக்கரையோரத்தில் கடற்றொழிலே பலருக்குச் சீவனோபாயம். பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் ஒவ்வொரு முறையும் இப்படியான ஊர்களின் பாடசாலைகள் ஒரு வரியில் மதிப்பிடப்படுகின்றன: "இந்த முறை எத்தனை பேர் பாஸ்?" அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருப்பதைப் பெற்றோரும் பழைய மாணவரும் அறிந்திருப்பது அவசியம்.

இலங்கையில் ஒரு பிள்ளை பாடசாலைக் காலத்தில் எதிர்கொள்ளும் நாடளாவிய பரீட்சைகள் மூன்று: தரம் 5 புலமைப்பரிசில், க.பொ.த. சாதாரண தரம், க.பொ.த. உயர்தரம். கிராமப்புறங்களில் தரம் 11 வரை மட்டும் வகுப்புகள் உள்ள பாடசாலைகள் 'வகை 2' எனப்படும். இவற்றின் தரத்தை ஊர் அளப்பது முதலிரண்டு பரீட்சைகளைக் கொண்டுதான்.

புலமைப்பரிசில் பரீட்சையின் வேர் 1940களில் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வித் திட்டத்தில் இருக்கிறது. வசதியற்ற கிராமத்துப் பிள்ளையை நல்ல பாடசாலைக்கு அனுப்புவதே நோக்கம். இன்று இது இரண்டு வினாத்தாள்கள், மொத்தம் 200 புள்ளிகள். வெட்டுப்புள்ளி மாவட்டவாரியாகவும் மொழிமூலவாரியாகவும் தீர்மானிக்கப்படுகிறது. பாடசாலைகளின் வாழ்த்துப் பதாகைகளில் 'வெட்டுப்புள்ளிக்கு மேல்', '100க்கு மேல்', '70க்கு மேல்' என்று வெவ்வேறு கணக்குகள் வரும். இவை ஒன்றல்ல. இரண்டு பாடசாலைகளை ஒப்பிடும்போது எந்தக் கணக்கு என்று முதலில் கேட்க வேண்டும்.

அடுத்தது எண்ணிக்கை. ஒரு வகுப்பில் 18 பிள்ளைகள் தோற்றுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பேர் வெட்டுப்புள்ளியைத் தாண்டினால் 11 வீதம். நான்கு பேர் தாண்டினால் 22 வீதம். 'இரட்டிப்பு வளர்ச்சி' என்று எழுதலாம். ஆனால் வித்தியாசம் இரண்டு பிள்ளைகள்தான். மறுவருடம் அது 'வீழ்ச்சி' ஆவதற்கும் இரண்டு பிள்ளைகள் போதும். ஆகவே சிறிய பாடசாலையை ஒரு வருடப் பெறுபேற்றால் புகழவும் கூடாது, பழிக்கவும் கூடாது. ஐந்து வருடங்களைச் சேர்த்துப் பார்த்தால்தான் போக்குத் தெரியும்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. புலமைப்பரிசிலில் கூடிய புள்ளி எடுக்கும் பிள்ளை பெரும்பாலும் திருகோணமலை நகரப் பாடசாலைக்குப் போய்விடும். ஆறு வருடங்களின் பின் அந்தப் பிள்ளையின் சாதாரண தரப் பெறுபேறு நகரப் பாடசாலையின் கணக்கில் சேரும். ஊர்ப் பாடசாலையோ எஞ்சிய பிள்ளைகளின் பெறுபேற்றால் அளக்கப்படும். தரம் 5இல் நன்றாகக் கற்பித்த பாடசாலை, அதன் காரணமாகவே தரம் 11இல் பின்தங்கியதாகத் தோன்றலாம்.

சாதாரண தரத்தில் உயர்தரத்துக்கான பொதுவான தகுதி, தாய்மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடங்களில் சித்தியும், அவற்றுள் மூன்றில் திறமைச் சித்தியும் ஆகும். எட்டுப் பாடங்களில் சித்தியடைந்து கணிதத்தில் மட்டும் தவறிய பிள்ளையும் 'தகுதி பெறாதோர்' பக்கமே நிற்கும். கணித ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போய், பதிலாள் வரத் தாமதமாகும் பாடசாலையில் இதன் விளைவு முழு வகுப்பையும் தாக்கும். இவ்வாறு தவறியவர்களுக்கும் 2017இல் தொடங்கிய 13 வருட உத்தரவாதக் கல்வித் திட்டத்தின் தொழிற்றுறைப் பிரிவு ஒரு வழியாக உள்ளது.

பெறுபேற்றில் காலமும் பதிந்திருக்கிறது. திருகோணமலையின் வடபகுதித் தமிழ்க் கிராமங்கள் 1985இலும் 1990இலும் இடப்பெயர்வைச் சந்தித்தன. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை இக்கரையோரத்தை அழித்தது. 2009 ஆகஸ்டில் வன்னிப் பிள்ளைகள் மெனிக் பாம் முகாம்களுக்குள் இருந்தபடியே பரீட்சை எழுதினார்கள். அன்று படிப்பு முறிந்தவர்களே இன்று பெற்றோர். பிள்ளையின் கணக்கைப் பார்த்துச் சொல்ல வீட்டில் ஆள் இல்லாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். பல வருடங்களாகச் சாதாரண தரம் டிசம்பரில் நடந்தது. கிழக்கில் அது வாடைக்காற்றும் வெள்ளமும் சேரும் மாதம். வினாத்தாள் நாடு முழுவதற்கும் ஒன்றுதான். எழுதப் போகும் பாதை ஒன்றல்ல.

'தரப்படுத்தல்' என்ற சொல் நமக்கு 1970களின் பல்கலைக்கழக அனுமதியை நினைவூட்டும். இன்று பல பாடநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்டச் சனத்தொகை அடிப்படையிலும், 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகின்றன. அந்தப் 16இல் திருகோணமலையும் ஒன்று. ஆனால் மாவட்டத்துக்குள் நகரப் பிள்ளையும் இறக்கக்கண்டிப் பிள்ளையும் ஒரே வரிசையில்தான் போட்டியிடுகிறார்கள். மாவட்டச் சராசரி அந்த இடைவெளியை மறைத்துவிடும்.

அப்படியானால் பெற்றோர் எதைக் கேட்க வேண்டும்? பாடசாலை அபிவிருத்திக் குழுக் கூட்டத்தில் நான்கு கேள்விகள் போதும். தரம் 6இல் இருந்தவர்களில் எத்தனை பேர் சாதாரண தரத்துக்குத் தோற்றினார்கள்? இடையில் நின்றவர்கள் எங்கே? கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலத்துக்கு எத்தனை மாதங்கள் ஆசிரியர் இருக்கவில்லை? பாடவாரியாக ஐந்து வருடப் பெறுபேறு என்ன? பதில்களை எழுத்தில் பெற்று வலயக் கல்விப் பணிமனைக்குக் கொண்டுபோகலாம். வெறும் சித்தி வீதத்தை வைத்து ஆசிரியர் கேட்பதைவிட, வெற்றிடமாக இருந்த மாதங்களைக் காட்டிக் கேட்பது வலுவானது.

யுத்தத்திலோ ஆழிப்பேரலையிலோ சான்றிதழைத் தொலைத்தவர்களுக்கு ஒரு தகவல்: சுட்டெண், பரீட்சை ஆண்டு ஆகிய விபரங்களுடன் பரீட்சைத் திணைக்களத்துக்கு விண்ணப்பித்துப் பெறுபேற்றுச் சான்றிதழை மீளப் பெறலாம். தாள் தொலைந்தாலும் எழுதிய பரீட்சை தொலைவதில்லை.